அறுத்த காப்பு

பினாங்குப் பாலத்தில் கெரேத்தாவின் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து விரட்டிக்கொண்டு வந்தார் சுகுமாரன். சட்டைப் பையில் அறுத்தெடுத்த மஞ்சள் காப்புக் கயிறு கிடந்தது. அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஊர் ஊராகப் போய்த் திருவிழாக்களில் சமயச் சொற்பொழிவு செய்கிறவர் அவர். மாதத்தில் இருபது நாள் வெளியூர்தான். மகள் ஸ்ரீநிதி பிறந்தபோதுகூட மனிதர் குளுவாங்கில் மேடையில் இருந்தார். அவளுக்கு இப்போது ஏழு வயது. அப்பா என்றால் அவளுக்கு வாட்சாப்பில் வருகிற முகம்.

இந்த முறை ஈப்போ பக்கம் ஒரு கோயிலில் பத்து நாள் உரை. கிளம்பும்போதே பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. "சாதாரணக் காய்ச்சல்தான் லா," என்று சொல்லிவிட்டுப் போனவர், கொடியேற்றத்தன்று பெருமையாகக் கையை நீட்டிக் காப்பும் கட்டிக்கொண்டார். கட்டினால் கொடி இறங்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அது தெரியாதவரா? அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசக்கூடியவராயிற்றே!

நான்காம் நாள் காலை மனைவி மோகனா அழைத்தாள். "டெங்கிக் காய்ச்சலுங்க. நேத்து வார்டுல சேர்த்தேன். பிளேட்லட் இருபதாயிரத்துக்கு எறங்கிருச்சு, ஐசியூக்கு மாத்துறாங்க." வாங்க என்று அவள் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள்.

"காப்ப அறுத்தா சாமி குத்தம் தம்பி, புள்ள மேலதான் விழும்," என்றார் கோயில் தலைவர் காசிவிஸ்வநாதன். பாவி மனிதர், சொல்ல வேறு வார்த்தையா கிடைக்கவில்லை? போகாவிட்டால் மகளைப் பார்க்க முடியாமலே போய்விடுமோ, போனால் தானே அவளுக்கு எமனாகிவிடுவோமோ என்று சுகுமாரன் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஜார்ஜ்டவுன் மருத்துவமனையில், கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள் மோகனா. அவள் மணிக்கட்டிலும் ஒரு மஞ்சள் கயிறு.

"நீ எதுக்குக் கட்டுன?"

"நேத்து நானே கட்டிக்கிட்டேன். இவ எழுந்திரிக்கிற வரைக்கும் எனக்கு எல்லை இந்தக் கட்டில்தான்."

"நான் அறுத்துட்டு வந்துட்டேன் மோகனா. பயமா இருக்கு."

மோகனா பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள். ஸ்ரீநிதி மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா, எப்பக் கிளம்புவீங்க?"

எப்போது வந்தீர்கள் என்று பிள்ளை கேட்கவில்லை. சுகுமாரன் மனைவியிடம் கையை நீட்டினார். மோகனா கைப்பையில் மிச்சமிருந்த கயிற்றை எடுத்து, மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டினாள்.

மறுபடி ரத்தம் எடுக்க நர்ஸ் ஐனா உள்ளே வந்தாள். ஊசியைப் பார்த்ததும் ஸ்ரீநிதி அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள்.