உயிரோடு இருக்கையில் நிறம்

என் மனைவி சந்திரவதனா ஒரு பூச்சியைக் கண்டுபிடித்தாள். இப்படிச் சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே சமையலறைக்கு மருந்தடிக்கிறவனின் தொலைபேசி இலக்கத்தைத் தருகிறார்கள். அந்தப் பூச்சி இல்லை ஐயா. ஓக் மரத்தில் இருந்துகொண்டு இலைச்சாறு குடிக்கிற, அரிசிமணி அளவும் வராத ஒரு சீவன். மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். இந்தக் குடும்பத்தில் வட அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ இரண்டாயிரம் வகைக்குப் பெயர் வைத்திருக்கிறார்களாம். இவள் கண்டது அவற்றில் எதுவும் இல்லை என்று அருங்காட்சியகத்தில் வேலை செய்யும் மாக்கஸ் சொன்னார். இருவரும் சேர்ந்து கட்டுரை எழுதுவோம் என்றும் சொன்னார். அன்றைக்கு இவள் புட்டுக்கு உப்புப் போட மறந்துபோனாள்.

யாழ்ப்பாணத்தில் விலங்கியல் படித்தவள். இங்கே கனடாவுக்கு வந்து, ஓய்வு எடுக்கும்வரை ஒரு மருந்துக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். நான் பஸ் ஓட்டினேன். எனக்குப் பூச்சி என்றால் பஸ்ஸின் முன்கண்ணாடியில் அடிபட்டுக் கிடப்பதுதான். ஆனால் படித்த படிப்புக்கு ஏற்ற ஒரு காரியம் இந்த வயதில் அவளுக்கு வாய்த்ததில் எனக்குச் சந்தோசம். அதை அவளிடம் சொல்லவில்லை. நான் அப்படி எதையும் சொல்லுகிற ஆள் இல்லை.

கட்டுரை வளர்ந்தது. ஒரு புது வகையை உலகத்துக்குச் சொல்லுவதென்றால் லேசுப்பட்ட வேலை இல்லை. உணர்கொம்பின் நீளம், காலில் மயிர் எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, எல்லாம் எழுத வேண்டும். ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்க ஆண் பூச்சியின் மறைவிடத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டுமாம். "வெக்கங்கெட்ட படிப்பு" என்று நான் பகிடி பண்ணினேன். அந்த அளவுகளையெல்லாம் மாக்கஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார். மிச்சம் ஒரே ஒரு வரிதான். உயிரோடு இருக்கையில் அது என்ன நிறம்?

இந்தப் பூச்சிகள் செத்தால் பச்சை போய்விடும். அருங்காட்சியகப் பெட்டியில் ஊசி குத்தி வைத்தவை எல்லாம் காய்ந்த வைக்கோல் நிறம். முதலில் உயிரோடு கண்டபோது பொழுதுபட்டுவிட்டது. அடுத்த வருடம் ஆறுதலாகப் பார்த்து எழுதலாம் என்று இவள் விட்டாள். அடுத்த வருடத்துக்குள் கண் போய்விட்டது. முழுதாக இல்லை. விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது என்றார் டொக்டர். ஓரங்கள் தெரியும். எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் புகைக்குள் போய்விடும்.

மாக்கஸ் நல்ல மனுசன். "படம் எடுக்கிறேன், அதைப் பார்த்து நிறத்தை நானே எழுதிவிடுகிறேன்" என்றார். எடுத்தும் அனுப்பினார். என் போனில் ஒரு பச்சை, கொம்பியூட்டரில் இன்னொரு பச்சை. இவள் தலையை ஆட்டினாள்.

"நான் கண்டுபிடிச்ச பூச்சி. அதின்ரை நிறத்தை நான் பாத்துத்தான் எழுதுவன். இல்லாட்டி என்ரை பேரை எடுத்துவிடட்டும்."

பார்க்க முடியாதவள் எப்படிப் பார்ப்பாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வளர்ந்த பூச்சி வருடத்தில் இரண்டு கிழமைதான், பதினாலு நாள்தான், இருக்கும். அந்த இரண்டு கிழமையும் முடிகிற தறுவாயில், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மார்க்கம் நகரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டோம். நான் வேட்டி சால்வையோடு கார் ஓட்டினேன். பாதி வழியில் இவள், "இஞ்சாருங்கோ, உந்தப் பார்க்குக்குள்ளை விடுங்கோ" என்றாள். அந்த ஓக் மரம் நிற்கிற பூங்கா. பூச்சி பிடிப்பதற்கு மாக்கஸ் ஏற்கெனவே அனுமதி எடுத்து வைத்திருந்தார். கைப்பைக்குள் கண்ணாடிக் குழாயும் பூதக்கண்ணாடியும் தயாராக இருந்தன. கோயில் என்பது என்னை வீட்டிலிருந்து கிளப்புவதற்குச் சொன்ன சாட்டு என்று அப்போதுதான் விளங்கியது.

கொப்புக்குக் கீழே வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு தடியால் தட்டினால் பூச்சிகள் துணியில் விழும். துணி கொண்டுவர மறந்துவிட்டாள். என் தோளைப் பார்த்தாள், அதாவது தோளுக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான் பார்ப்பாள்.

"சால்வையைத் தாங்கோ."

"கோயில் சால்வையப்பா!"

"பிள்ளையார் எலியிலை போறவர். பூச்சிக்குக் கோவிக்கமாட்டார்."

சால்வையின் இரண்டு மூலையை அவள் பிடித்தாள், இரண்டை நான் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் தட்டினேன். நாயோடு நடந்து போன ஒரு வெள்ளைக்காரி எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள். சிலந்தி விழுந்தது, புழு விழுந்தது, ஓக் பூவின் தூசு முழுக்க என் வேட்டியில் விழுந்தது. நாங்கள் தேடியது விழுந்த கையோடு பறந்தது. கடைசியில் ஒன்றைக் குழாய்க்குள் பிடித்து மூடினேன். இருவரும் அங்கே கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம்.

"சொல்லுங்கோ. என்ன நிறம்?"

"பச்சை."

"என்ன பச்சை?"

"இலைப் பச்சை."

"எந்த இலை? வாழையிலையோ, முருங்கையிலையோ?"

"பச்சை எண்டால் பச்சைதான் சந்திரா. சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"உடம்பு முழுக்க ஒரே நிறமோ? சிறகு மடிஞ்சு கீழ சரியிற இடம் ஒண்டு இருக்கும், அதிலை என்ன?"

"கண்டறியாத பூச்சி, ஓடித் திரியுது. நில்லெண்டால் நிக்குதே?"

அவள் மடியில் இருந்த சால்வையை மடிக்கத் தொடங்கினாள். விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, திரும்பத் திரும்ப மடித்தாள்.

"விடுங்கோ. மாக்கஸே எழுதட்டும். என்ரை பேரும் வேண்டாம். கண் தெரியாதவளுக்கு என்னத்துக்குப் பூச்சி?"

டொக்டர் சொன்ன அன்றைக்கும் அழாதவள், வழியில் வாழைப்பழம் வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னவள், ஓர் அரிசிமணிப் பூச்சிக்காக அழுதாள். என்மேல்தான் கோபம் வந்தது. முப்பது வருடம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பஸ் ஓட்டினவனுக்கு ஒரு நிறத்தைச் சொல்லத் தெரியவில்லை.

பூதக்கண்ணாடியை எடுத்துக் குழாயோடு வைத்தேன். வெயில் பக்கம் திரும்பினேன். அந்தச் சீவனும் களைத்துப்போய் ஒரு மூலையில் நின்றது. பார்த்தேன். இப்படி நான் எதையும் பார்த்ததில்லை என்று சொல்ல வந்தேன், ஆனால் அது பொய். இதே நிறத்தை ஒருமுறை இப்படிப் பார்த்திருக்கிறேன்.

"சந்திரா, நீர் கனடாவுக்கு வந்து இறங்கின அண்டைக்கு ஒரு சீலை கட்டியிருந்தீர்."

மடித்த கை நின்றது. "அதுக்கு இப்ப என்ன?"

"அந்தப் பச்சை. கரையிலை இருந்த பச்சை இல்லை, உடம்பிலை ஓடினது. தண்ணி கலந்தமாதிரி வெளுத்த பச்சை. நேராப் பாத்தால் பச்சை, இடுப்பிலை கொய்யகம் மடியிற இடத்திலை மட்டும் மஞ்சள் ஓடும். இதுக்கும் சிறகு மடியிற இடத்திலை அந்த மஞ்சள்தான் ஓடுது. நீர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வரேக்கை ஒவ்வொரு அடிக்கும் அது வந்து வந்து போச்சு. இதுவும் நடக்கேக்கை அப்பிடித்தான்."

அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"அண்டைக்கு நீங்கள் அந்தச் சீலையைப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்."

"பெட்டி பாரமோ எண்டுதானே கேட்டனீங்கள். உங்களுக்குப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நான் பிறகு அதைக் கட்டவேயில்லை."

எங்கள் பக்கத்து ஆம்பிளைகளின் பழக்கம் இது. தன் வீட்டில் உள்ளதை அழகு, வடிவு என்று வாய் திறந்து சொல்லக்கூடாது, கண்ணூறுபோல நாவூறு பட்டுவிடும். அவள் வருவதற்கு முன் பார்க்டேலில் என்னோடு ஒரே அறையில் இருந்த இராசரத்தினம் அண்ணை, விமான நிலையத்துக்கு நான் புறப்படும்போதும் சொல்லித்தான் அனுப்பினார்: "பெட்டை வடிவெண்டாலும் வாயைத் திறந்திடாதை." நான் திறக்கவில்லை. நல்லது நிலைக்க வேண்டும் என்று பயந்து வாயைப் பூட்டிக்கொண்டேன். அவளோ பிடிக்கவில்லை என்று நினைத்து ஒரு நல்ல சீலையைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள். இதை அவளிடம் சொன்னேன். நாவூறு என்றதும் அழுகையோடு சிரித்தாள்.

"விலங்கியல் படிச்சவளின்ரை புருசன் கதைக்கிற கதை." கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்தை ஓக் மரத்துப் பக்கம் திருப்பினாள். "ஓம். இப்ப தெரியுது. அந்த மஞ்சள் எனக்கு நல்லாத் தெரியும், கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு எத்தனை தரம் கட்டி அவிட்டனான். உந்த மஞ்சளைத்தான் நான் பூச்சியை முதல் கண்ட பின்னேரமும் பாத்திருக்கிறன்."

போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். உயிருடன் இருக்கையில் வெளிறிய பச்சை, முன்சிறகு மடியும் இடத்தில் மஞ்சள் சாயல், அசையும்போது தோன்றி மறையும். மருந்துக் கடையில் கேட்டறியாத குரல் அது. ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. மாக்கஸுக்கு அப்படியே அனுப்பினாள். என்னைக் குழாயைத் திறக்கச் சொன்னாள். பூச்சி விளிம்புவரை ஏறி வந்து, யோசித்து, போய்விட்டது.

"இஞ்சாருங்கோ."

"ம்."

"கண்ணாடியிலை பாத்தால் என்ரை முகத்திலையும் நடுவிலை புகைதான். நான் இப்ப எப்பிடி இருக்கிறன்?"

வெயில் அவள்மேல் விழுந்திருந்தது. நான் அவசரப்படவில்லை.

"முன்னுக்கு நரை கூடிப்போச்சு. காதுக்குப் பக்கத்திலை இன்னும் கறுப்பு இருக்கு. மூக்கிலை ஓக் பூவின்ரை தூசு ஒட்டியிருக்கு. சிரிச்சால் வலப்பக்கக் கன்னத்திலை மட்டும் ஒரு குழி விழுது."

"அது முந்தியும் விழுந்ததோ?"

"விமான நிலையத்திலையும் விழுந்தது."

அந்தக் குழி இப்போதும் விழுந்தது. நான் வாயை மூடவில்லை.

"வடிவா இருக்கிறீர் சந்திரா. அண்டைக்கும் வடிவா இருந்தனீர்."

அவள் கையை நீட்டி என் முகத்தைத் தேடினாள். நான் குனிந்து கொடுத்தேன்.