ஆளுக்கொரு சொம்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி உலர்த்தப் பால்கனிக்குப் போனேன். ஈரத் துண்டை உதறிய காற்றுக்கே மிளகாய்ச் செடியிலிருந்து நான்கைந்து இலைகள் விழுந்துவிட்டன. எல்லாம் மஞ்சள். மிச்சம் இருந்தவையும் திட்டு வாங்கிய பிள்ளைகள் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன.

செடி என் வீட்டுக்காரருடையது. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். வண்டி திரும்புகிற கடைசி நிறுத்தத்துக்கு எதிரே ஒரு நர்சரி இருக்கிறது. ஒரு நாள் அங்கிருந்து, கருப்புப் பிளாஸ்டிக் பையில், பூவும் பிஞ்சும் விட்ட சாண் உயரச் செடி ஒன்றைக் கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோலக் கொண்டுவந்தார். "ரொம்பக் காரமான ரகமாம்" என்றார். அதுவரை அந்த மனுஷன் மீசையைத் தவிர வேறெதையும் வளர்த்ததில்லை. காலி பெயிண்ட் வாளியைக் கழுவி, ஆணியைச் சுட்டு அடியில் ஓட்டைகள் போட்டு, மண் நிரப்பிச் செடியை வைத்தார். அழுக்குத் தண்ணீர் கீழ்வீட்டுக்காரர்கள் துணியில் சொட்டினால் வம்பாகிவிடுமே என்று வாளிக்கு அடியில் ஒரு பழைய தட்டை வைத்தது மட்டும் நான்.

அதற்குச் சில நாட்களிலேயே எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போட்டிருந்தால் தேவலை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். முதலாளி தூரத்து ஊர் ஒன்றில் புதுக் கிளை திறக்கிறார். பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அங்கேயே தங்க வேண்டும், வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வர முடியும். எனக்குக் கொள்ளை ஆசை. அன்று சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "உன் இஷ்டம்" என்றார். போகாதே என்றிருந்தால் மல்லுக்கு நின்றிருப்பேன். போ என்றிருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பேன். 'உன் இஷ்டம்' என்பதை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் செய்வாள்? இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாயிற்று, நான் இல்லாவிட்டால் இந்த ஆளுக்கு ஏதாவது குறையுமா, குறையாதா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் போகவும் மனசு வரவில்லை, இருக்கவும் வரவில்லை. முதலாளிக்கு நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் இப்படி ஆனால் மகள் தூது போவாள். "அம்மா சாப்பிடக் கூப்பிடுறாங்க." "அப்பா சாவி எங்கன்னு கேக்குறாரு." அவள் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். இப்போது வீட்டில் பேசுவது மிக்சியும் குக்கரும்தான்.

துணியை உலர்த்திவிட்டு அடுப்படிக்கு வந்தேன். அவர் பால்கனிக்குப் போய்ச் செடியின் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார். பிறகு போனை எடுத்து நர்சரிக்கார அம்மாவைக் கூப்பிட்டார். அவருக்கு எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வரும்.

"இலையெல்லாம் கொட்டுதும்மா. தண்ணி ஒழுங்காத்தான் ஊத்துறேன்."

"எவ்வளவு ஊத்துறீங்க?"

"டூட்டிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு. தினமும்."

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. என்னை அறியாமல் வாய் முந்திக்கொண்டது. "நானும் சாயங்காலம் கடையிலேர்ந்து வந்து ஒரு சொம்பு ஊத்துறேனே!"

அவர் திரும்பிப் பார்த்தார். போனில் அந்த அம்மா கேட்டார். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்கீங்க?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபத்தில் செடியைக் கைவிட்டுவிட்டார், பாவம் அது என்ன செய்யும் என்றுதான் நான் ஊற்றினேன். சாயங்காலம் மேல்மண் காய்ந்துதான் இருக்கும். இலை வாடுவதைப் பார்த்து, தாகம் போலிருக்கிறது என்று கொஞ்சம் கூடவே ஊற்றினேன். அவரும் காலையில் அதையேதான் நினைத்திருப்பார். இரண்டு பேரும் சேர்ந்து அக்கறையாக அதை மூழ்கடித்துக்கொண்டிருந்தோம்.

நர்சரிக்கார அம்மா செய்ய வேண்டியதைச் சொன்னார். செடியை வெளியே எடுத்து, அழுகின வேரை வெட்டிவிட்டு, சின்னத் தொட்டியில் புது மண்ணில் வைக்க வேண்டும். பூ, காய் எதையும் செடியில் விடக் கூடாது, வேருக்குத் தெம்பு இருக்காது. "ஒருத்தர் செடியப் புடிங்க, ஒருத்தர் மண்ணப் போடுங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

அவர் கடைக்குப் போய் மண்தொட்டியும் மண்ணும் வாங்கி வந்தார். பழைய செய்தித்தாளை விரித்து வாளியைக் கவிழ்த்தோம். சேறு மொத்தமாக வந்து விழுந்தது, சாக்கடை நாற்றம். வேர்கள் பழுப்பேறி, தொட்டால் கையோடு வந்தன. மீசை வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துவந்து ஒவ்வொன்றாக நறுக்கினார். தண்டை ஒட்டிக் கொஞ்சம் வெள்ளை வேர் மிச்சம் இருந்தது.

"நேராப் புடி."

"நேராத்தான் புடிச்சிருக்கேன்."

அவர் கை கையாக மண்ணை அள்ளிப் போட்டார். மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அங்க தங்க இடம் குடுக்குறாங்களா?"

"கடைக்கு மேலயே ஒரு ரூம் இருக்காம்."

"கதவுக்கு உள்தாழ்ப்பாள் நல்லா இருக்கான்னு பாத்துக்க."

"அப்ப போகச் சொல்றீங்களா?"

"வேணாம்னா நின்னுடுவ. அப்புறம் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவ."

அது உண்மைதான். சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். "நான் அதக் கேக்கலங்க. நான் போயிட்டா உங்களுக்கு எப்படி இருக்கும்? அதத்தான் கேக்குறேன்."

அவர் தண்டைச் சுற்றி மண்ணை விரலால் அமுக்கினார். பூக்களைக் கிள்ளிப் போட்டார். செடியில் ஒரே ஒரு காய் சிவந்து தொங்கியது. அதைத் திருகி எடுத்து, சட்டையில் துடைத்து, இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

"பாத்து. காரமான ரகம்."

பயந்துகொண்டே நுனியைக் கடித்தேன். ஒன்றுமே இல்லை. புல்லைக் கடித்த மாதிரி இருந்தது. நாங்கள் ஊற்றிய தண்ணீரில் காரமெல்லாம் கரைந்துவிட்டது போலிருக்கிறது. அதைச் சொல்லலாம் என்று நிமிர்ந்தேன்.

அவர் தம் பாதியை மென்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்து நிரம்பியிருந்தன. மூக்கை உறிஞ்சினார். மண் படிந்த முழங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பப்பா, என்ன காரம்" என்றார். "தாங்க முடியல."

என் கையில் இருந்த மிச்சத்தை விதையோடு வாயில் போட்டு நன்றாக மென்று பார்த்தேன். பச்சைக் குழந்தைக்குக்கூடக் கொடுக்கலாம்.

"ஆமாங்க," என்றேன். "பயங்கரக் காரம்."

உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். என் முகத்தைப் பார்க்காமல் காலி டம்ளரை மறுபடியும் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்."