ஒரு ‘த்’

செல்வகுமாருக்கு பிரெஞ்சு வராது என்பது மாமியார் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பேச வேறொன்றும் கிடைக்காவிட்டால் அதை எடுத்துக்கொள்வார்கள். புதுச்சேரியில் தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் அது. மாப்பிள்ளையோ கரும்புக் கொல்லையிலிருந்து வந்தவன். புதுச்சேரியை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தண்ணீர் டேங்க் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். சபின் பிடிவாதம் பிடித்து அவனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கும் குடியுரிமை கிடைத்தால் இருவரும் பிரான்ஸ் போய்விடலாம். அதற்கு அவன் பிரெஞ்சுத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். அவன் உலகத்தில் கேட்டதெல்லாம் அது ஒன்றைத்தான்.

சபினின் அண்ணன் மொரீஸுக்கு பிரான்சில், கிரெனோபிளில் வேலை. லீவுக்கு வந்தால் முதல் வேலையாக, “தூ துருவான்னா என்ன மாப்ள?” என்று கேட்பான்.

“வலது பக்கம்.”

மேசையே சிரிக்கும். ‘தூ துருவா’ என்றால் நேராகப் போ. ‘அ துருவாத்’ என்றால்தான் வலது. கடைசியில் நிற்கும் ஒரு ‘த்’தில்தான் வித்தியாசம். செல்வகுமார் இரண்டையும் எப்போதும் மாற்றித்தான் சொல்வான்.

“அந்த ‘த்’ எங்க போச்சு மாப்ள? டேங்க்ல உழுந்துடுச்சா?”

இந்தச் சிரிப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் அவன் வீம்பாகப் படிக்க ஆரம்பித்தான். கம்பெனி பஸ்ஸில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், சபினுக்கும் தெரியாமல். கொஞ்ச காலத்தில் அந்த ‘த்’ மட்டுமல்ல, எல்லாமே வந்துவிட்டது. மேசையில் மட்டும் பழையபடி உளறுவான். தேறிய பிறகு ஒரே நாளில் எல்லோர் வாயையும் அடைக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

இந்த முறை மொரீஸ் கயாக் கொண்டுவந்தான். இடுப்பு வரை உள்ளே நுழைத்துக்கொண்டு ஒற்றை ஆள் ஓட்டும் படகு. கவிழ்ந்தால் ஆளும் சேர்ந்து தலைகீழாவான். “நீ செய்யற டேங்க்தான் மாப்ள, கொஞ்சம் நீளம்” என்று சொல்லி, சுண்ணாம்பாற்றில் பழக்கிவிட்டு, மழைக்காலத்தில் கேரளத்து மலையோடை ஒன்றுக்குக் கூட்டிப்போனான். சபினும் வந்தாள்.

முதல் நாளே செல்வகுமார் கவிழ்ந்தான். படகு போய்விட்டது. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். மொரீஸ் பாறையில் கயிறோடு நின்றான்.

“‘ஓ செகூர்’னு சொல்லு. அப்பதான் கயிறு.”

காப்பாற்று என்று அர்த்தம். செல்வகுமாருக்கு அந்த வார்த்தை தெரியும். ஆனால் வாய் நிறையத் தண்ணீர். “அய்யோ” என்றுதான் வந்தது. மொரீஸ் விழுந்து விழுந்து சிரித்தான். விரல்கள் வழுக்கத் தொடங்கிய பிறகே கயிறு வந்தது. கரையேறி வாந்தியெடுத்தவனிடம், “மெர்சி சொல்லலியே?” என்றான்.

“மெர்சி.”

“அந்த ‘ர்’ தொண்டையிலேர்ந்து வரணும் மாப்ள.”

செல்வகுமார் அப்போதுதான் அவனை மனதார வெறுத்தான்.

மறுநாள் மொரீஸ் மட்டும் ஒரு செங்குத்தான இறக்கத்தில் ஓட்டுவதாக ஏற்பாடு. மேலிருந்து பார்த்தால் கீழே இருப்பது தெரியாது. அதனால் செல்வகுமார் கீழே பாறையில் நின்று வழி சொல்ல வேண்டும். இருவர் ஹெல்மெட்டிலும் வயர்லெஸ் இருந்தது. “பிரெஞ்சுலதான் சொல்லணும். தமிழ்ல சொன்னா காதுலயே வாங்க மாட்டேன்” என்றான் மொரீஸ்.

இரவு பெய்த மழையில் ஒரு மரம் அடித்துவரப்பட்டு மேலிருந்து வருபவனுக்கு வலது பக்கம் குறுக்கே சிக்கியிருந்தது. தண்ணீர் அதற்கு அடியில் புகுந்து ஓடியது; படகு போனால் அதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நேராக வந்தால் ஒன்றுமில்லை.

“என்ன டேங்க் மாப்ள, வழி தெரியுதா? இல்ல, என் தங்கச்சிய கூப்புடவா?”

“அ துருவாத்” என்றான் செல்வகுமார். அந்த ‘த்’தை அழுத்தி, சுத்தமாகச் சொன்னான்.

“பிராவோ மாப்ள! வந்துடுச்சே!” என்று உண்மையான சந்தோஷத்தோடு சொல்லிவிட்டு மொரீஸ் வலது பக்கம் திருப்பினான்.

மரத்தடியிலிருந்து மொரீஸை உயிரோடுதான் எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே இனி ஒன்றும் அசையாது என்றார்கள் டாக்டர்கள்.

“நேரான்னு சொல்ல வந்து மாத்தி சொல்லிட்டாரு. அவருக்கு அது எப்பவுமே வராது” என்று சபின் அழுதாள். எல்லோரும் நம்பினார்கள். மொரீஸே நம்பினான். “தமிழ்ல சொல்ல சொல்லியிருக்கணும். என் திமிரு” என்றான். செல்வகுமாரும் அழுதான். பொய் அழுகை இல்லை. ஆனால் தப்பித்துக்கொண்டோம் என்ற நிம்மதியும் அந்த அழுகைக்குள் இருந்தது.

அதன் பிறகு சாயங்காலங்களில் மொரீஸை வீல்சேரில் வைத்து அவன்தான் தள்ளிக்கொண்டு போனான். மொரீஸ் விளையாட்டாக பிரெஞ்சில் வழி சொல்வான். ‘தூ துருவா’ என்றால் செல்வகுமார் கவனமாக வலது பக்கம் திரும்புவான். தெரியாதவனாக நடிப்பது தேர்வுக்குப் படிப்பதைவிடக் கஷ்டம். தேர்வும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் கம்பெனியிலிருந்து போன். மோல்டு விரிசல் விட்டுவிட்டதாம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கத்தியபடியே தள்ளிப்போனான். பேசி முடித்து நிமிர்ந்தால், மீன் நாற்றம் அடித்தது. பெரிய மார்க்கெட் பின்பக்கம். கடற்கரைக்கல்லவா கிளம்பினோம்?

“நான்தான் கூட்டியாந்தேன்” என்றான் மொரீஸ். திரும்பிப் பார்க்கவில்லை. “நேரா, வலது, பேக்கரி தாண்டி ரெண்டாவது இடது, மறுபடி நேரா. எல்லாம் பிரெஞ்சுலதான் சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன். ஒண்ணுகூட தப்பு பண்ணலயே நீ.”

செல்வகுமார் வீல்சேரைச் சுற்றி அவன் முன்னால் வந்து நின்றான்.

“மச்சான்…”

“போலீஸுக்கெல்லாம் போவ மாட்டேன். சபின்கிட்ட சொல்லவா?”

“வேணாம் மச்சான்.”

“அப்ப உனக்கு பிரெஞ்சு வராது. எப்பவும் வராது. நான் இனிமே கிரெனோபிள் போவ முடியாது. நீயும் போவக் கூடாது. என்னைத் தள்ள ஆள் வேணுமில்ல?”

தேர்வில் ஒரு அம்மாள் நகர வரைபடத்தை நீட்டி, ஸ்டேஷனிலிருந்து தபாலாபீசுக்கு எப்படிப் போவது என்று கேட்டாள். முழு வாக்கியங்களாக அவன் நாக்கில் வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, “துருவா… துருவாத்… தெரியல” என்றான். அந்த அம்மாள் இரக்கத்தோடு சிரித்தாள்.

அன்று சாயங்காலம் சபினும் கூட நடந்துவந்தாள். “பரவால்லங்க. அடுத்த தரம் பாத்துக்கலாம்” என்று அவன் முதுகைத் தடவினாள். தெருமுனையில், நேர் எதிரே கடல் தெரிந்தது.

“தூ துருவா, மாப்ள” என்றான் மொரீஸ்.

செல்வகுமார் வீல்சேரை வலது பக்கம் திருப்பினான். விபத்துக்குப் பிறகு சபின் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள். “இன்னுமா உங்களுக்கு அது வரல?” என்றாள்.

மொரீஸும் சிரித்தான். “அந்த ‘த்’ எங்க போச்சு மாப்ள?”