இடது தொடையில் ஒரு அம்பு

மார்ச் பதினோராம் தேதி காலை, நகர மருத்துவமனையின் எலும்புப் பிரிவில், சாலைகளில் கோடும் அம்புக்குறியும் வரையும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற, எண்பத்திரண்டு வயதான பெயின்டர் ஒருவர் இறந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை நடக்கவில்லை.

மகள் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அவருடைய இடது தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எந்தக் காலில் கத்தி வைப்பது என்பதில் பிசகு வந்துவிடக் கூடாதென்று, விழுந்த மறுநாளே டாக்டர் கறுப்புப் பேனாவால் அங்கே ஒரு அம்புக்குறி போட்டிருந்தார். அண்ணன் விமானத்திலிருந்து இறங்கிவிட்டான். அவன் வருவதற்குள் அது அழிந்தாக வேண்டும்.

"விடுங்கக்கா, துணிதான் போத்தப் போறோமே," என்றாள் நர்ஸ்.

"அவன் துணிய விலக்கிப் பாப்பாம்மா."

அம்பு போட்ட அன்று, ஆபரேஷனை நாளைக்கே செய்துவிடலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். இந்த வயதில் படுக்கையிலேயே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டிவிடும், தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொன்னார். அன்று மாலை அண்ணன் போனில் கத்தினான்: "நான் வர்ற வரைக்கும் யாரும் அவர் மேல கத்தி வைக்கக் கூடாது. டாக்டர்கிட்ட நான் பேசணும்." அவள் சரி என்றாள். அவனை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. டிக்கெட் கிடைக்க நாளாயிற்று. அதற்குள் சளி கட்டியது.

தேய்க்கத் தேய்க்க அம்பின் தண்டு மங்கியது. தலை மட்டும் அப்படியே இருந்தது. அது அப்பாவின் கைவேலை. அன்றைக்கு டாக்டர் நகர்ந்ததும் அப்பா கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

"இதென்னம்மா, நோஞ்சான் அம்பு? இத ரோட்டுல போட்டிருந்தா லாரிக்காரன் சாக்கடைக்குள்ள எறங்கியிருப்பான்."

"சும்மா படுங்கப்பா. டாக்டர் போட்டது."

"எலும்பு அவரு வேலை. கோடு என் வேலை. அந்தப் பேனாவக் குடு."

நர்ஸ் சிரித்துக்கொண்டே நீட்டினாள். பல்லைக் கடித்து வலியைப் பொறுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் சரிசமமாகத் தலையை வரைந்து, உள்ளே மை நிரப்பினார். "இப்போ கண்ணு தெரியாதவனுக்கும் வழி தெரியும். ஆபரேஷன் நாளைக்குத்தானே?" என்றார்.

மகள் பஞ்சைக் கீழே வைத்தாள்.

அண்ணன் பெட்டியோடு உள்ளே வந்தான். வெகுநேரம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு துணியை விலக்கினான்.

"இது அப்பா போடுற அம்பு மாதிரி இருக்கே."

"அவருதான் போட்டாரு."

"எப்போ?"

அவள் கீழே வைத்த பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். நர்ஸ் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அண்ணன் துணியை இழுத்துப் போர்த்தி, ஓரங்களை நீவிவிட்டான்.

மதியம் உடலை ஒப்படைத்தார்கள். அம்பை யாரும் அழிக்கவில்லை.