பதினேழாம் எண் தொழிலாளி

"யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள். அதை அப்படியே நம்பி, ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள் மொக்கம்மாள். தேனிக் கல்லூரி அரங்கில் கடைசி வரிசை. மேடையில் அவள் மகள், வக்கீல் வேல்விழி, முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் நின்றிருந்தாள்.

மொக்கம்மாள் நாலு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். கம்பத்தில் அவர்கள் தெருவுக்கு இன்றைக்கும் சிலோன் காலனி என்றுதான் பெயர். அங்கே ஒருத்தர்கூட இதுவரை டாக்டர் பட்டம் வாங்கியதில்லை.

இங்கிலீசுப் பேச்சு அவளுக்கு மண்ணும் புரியவில்லை. மகள் தடுமாறாமல் பேசுகிறாள், அதுவே வயிறு குளிரப் போதும்.

அப்போதுதான் வெளியூர்த் தேர்வாளர், தோட்டத் தொழிலாளிகள் சொன்னதைப் பேருக்குப் பதில் எண் போட்டுத் தொகுத்திருந்த ஆய்வேட்டைப் புரட்டி, தமிழில் வாசித்தார். "ஜீப்பு கவுந்ததும் மொதல்ல தூக்குவாளியத்தேன் தேடுனேன். பெறகுதேன் கால் ஒடிஞ்சது தெரிஞ்சுச்சு."

மொக்கம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் சொன்னதல்லவா அது! தோட்டத்துக்கு ஆளேற்றிப் போன ஜீப் கம்பம்மெட்டு மலைப்பாதை வளைவில் கவிழ்ந்ததை மகளிடம் சொன்ன அன்றைக்கே, "எம் பேரு வெளிய வரக்கூடாதுடி. கங்காணிக்குத் தெரிஞ்சா மறுநா ஜீப்புல ஏத்த மாட்டாக" என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

"கால் ஒடிஞ்சவங்க இப்படியா பேசுவாங்க? நீங்களா எழுதின மாதிரி இருக்கு. யார் இந்தப் பதினேழாம் எண் தொழிலாளி?" என்றார் தேர்வாளர்.

"பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன் சார்."

"அப்ப இதை நான் ஏத்துக்க முடியாதும்மா. பட்டம் போயிரும்."

"தெரியும் சார்." வேல்விழி கடைசி வரிசைப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அடிப் பாவி மகளே! ஆறு வருசப் படிப்பை வாயை மூடிக்கொண்டே தொலைக்கப் பார்க்கிறாளே! நாளைக்கு ஜீப் இல்லையென்றால் அடுப்பு எப்படி எரியும் என்றும் ஒரு கணம் நினைத்தாள் மொக்கம்மாள். பிறகு முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்து, ஒடிந்து கூடிய காலை ஊன்றி எழுந்தாள்.

"அய்யா, பதினேழு நாந்தேன். மொக்கம்மா. இவளப் பெத்தவ. வாளில ரெண்டு வேளைச் சோறு இருந்துச்சுய்யா, தேடாம என்ன செய்ய?"

தேர்வாளர் அவள் காலைப் பார்த்தார். "உக்காருங்கம்மா" என்றார். அப்புறம் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் மொக்கம்மாளுக்குப் பயம் திரும்பிவிட்டது. "நாளைக்கு ஏத்தலேன்னா என்னடி செய்ய?"

வேல்விழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏத்தலேன்னா சொல்லு ஆத்தா. இந்த வாட்டி ஒம் பேரப் போட்டே கேசு குடுக்குறேன்."