யோசனை சொன்னால் டம்ளர் கழுவணும்

கணக்கு டீச்சர் ஆசிரியர் அறைக்குள் நுழைந்த வேகத்தில் கதவு படாரென்று சுவரில் மோதியது.

"அந்த முந்திரிக்கொட்டையோட இனி என்னால மாரடிக்க முடியாது. நாளைக்கு அவ அம்மா வராங்க. வேற வகுப்புக்கு மாத்திக்கோங்கன்னு சொல்லிடப் போறேன்."

முந்திரிக்கொட்டை என்பது ஆறாம் வகுப்பில் முதல் பெஞ்சுச் சிறுமி. டீச்சர் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைக் கத்திவிடுவாள். மற்ற பிள்ளைகள் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள்.

அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. வியாழக்கிழமை தேநீர் நேரத்தில் ஒருவர் தன் வகுப்புச் சிக்கலைச் சொன்னால் மற்றவர்கள் கேள்வி மட்டுமே கேட்கலாம். யோசனை சொல்பவர் எல்லோருடைய டம்ளரையும் கழுவ வேண்டும். வரலாற்று ஆசிரியர் இதுவரை கழுவிய டம்ளர்களை அடுக்கினால் கூரையைத் தொடும்.

"பேசாம அவளைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளுங்க!" அன்றும் அவரால் அடக்க முடியவில்லை.

"சார், சோப்பு ஜன்னல்கிட்ட இருக்கு," என்றார் தலைமையாசிரியை. அத்தனை கோபத்திலும் கணக்கு டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவ கத்தினதும் நீங்க என்ன பண்ணுவீங்க டீச்சர்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"சரியான விடைதானே! போர்டுல எழுதிட்டு அடுத்த கணக்குக்குப் போயிடுவேன்."

"மத்த பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுதான்னு எப்படித் தெரியும்?"

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவ லீவு போட்ட அன்னிக்கு வகுப்பு எப்படி இருக்கும்?" இது ஓவிய ஆசிரியை.

"அய்யோ, ஒருத்தரும் வாயே திறக்க மாட்டாங்க. பாடம் நகரவே நகராது. இவ எப்படா வருவான்னு இருக்கும்..."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. பாடத்தை முடிக்கிற அவசரம் அவருடையது. அதற்கு அந்தப் பிள்ளையின் வாய் வசதியாக இருந்தது. பழி மட்டும் அவள் தலையில். வெட்கமாகப் போய்விட்டது அவருக்கு.

மறுநாள் சிறுமியின் அம்மா பயந்துகொண்டே வந்தார். "ஏதாச்சும் தப்பு பண்ணிட்டாளா டீச்சர்?"

"அவ மேல ஒண்ணும் இல்லம்மா. அவசரப்பட்டது நான்தான். நிம்மதியாப் போயிட்டு வாங்க."

வகுப்பில் கணக்கை எழுதிவிட்டு, "இன்னிக்கு விடை வேண்டாம். எப்படிப் போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க," என்றார். முந்திரிக்கொட்டை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினாள். டீச்சர் காத்திருந்தார். அதுவரை குரலே கேட்காத ஒரு சிறுமி பின்னால் எழுந்து, தட்டுத்தடுமாறி ஒரு வழி சொன்னாள். டீச்சருக்கே தோன்றாத வழி அது.

"ஏய், உனக்கு எப்படி இது தோணுச்சு?" என்று வியந்து திரும்பினாள் முந்திரிக்கொட்டை.

மாலையில் டீச்சர் பூரிப்போடு இதைச் சொன்னபோது, "நான் சொன்னபடி பண்ணியிருந்தாலும் வகுப்பு அமைதியாயிருக்குமே?" என்றார் வரலாற்று ஆசிரியர்.

"ஆயிருக்கும் சார். ஆனா சிக்கல்ல நிக்கிறவங்களுக்கு நம்ம கையில இருக்கிற பதிலைத் திணிக்கிறதைவிட, அக்கறையா ஒரு கேள்வி கேக்கிறதுதான் உதவி. உங்க யோசனையைக் கேட்டிருந்தா அவ இடத்தை மாத்தியிருப்பேன். இவங்க கேட்ட கேள்வி என்னையே மாத்திடுச்சு!"