பெயர் வேண்டாத நன்கொடை

ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரியில் நம் பெண்கள் பாஸ்கெட்பால் ஆடுகிறார்கள், உதவத்தான் ஆளில்லை என்று கேள்விப்பட்டதும் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் செய்த முதல் காரியம் ஒரு கமிட்டி அமைத்தது. ஒன்பது பேர், ஒன்பதும் ஆண்கள். அந்தப் பந்தைக் கையால் தொட்டவர் எங்களில் ஒருவரும் இல்லை. பொருளாளர் பதவி எனக்கு வந்தது. ரயில்வே ஆபீஸில் பேரேடு எழுதும் கிராணி கன்னையாவுக்குக் கணக்கு வரும் என்றார்கள். என் மகள் தங்கமணி அந்த அணியில் இருந்ததையும் காரணமாகச் சொன்னார்கள். பதவி என்றால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன் என்ற உண்மைக் காரணத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். விளையாட்டுக்குத் தர கல்லூரியில் பணம் இல்லை. தலைமை ஆசிரியையான வெள்ளைக்கார அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: கிள்ளானில் சனிக்கிழமை ஒரு பள்ளியோடு ஆட்டம் இருக்கிறது, புதுப் பந்து வாங்கி, ரயில் கட்டணம் கட்டி, போய் ஆடிவிட்டு வந்தால் அணி இருக்கும், இல்லையென்றால் அன்றோடு கலைத்துவிடுவேன். தங்கமணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"நான் இருக்கேன், கவலைப்படாதே" என்றேன். அவள் கவலை அதிகமானதுபோல் எனக்குத் தோன்றியது.

வசூல் நன்றாகவே நடந்தது. ஆம்பாங் வீதியில் வட்டிக்கடை வைத்திருந்த சாத்தப்பன் செட்டியார் ஒருவரே பதினைந்து வெள்ளி கொடுத்தார். அத்தனை பெரிய தொகையை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது மரியாதையா? கமிட்டி கூடியது. செட்டியாருக்கு ஒரு வரவேற்பு என்று தீர்மானம் ஆயிற்று.

அவருக்கு மாலை போட்டால் கமிட்டித் தலைவர் ராதாகிருஷ்ணனுக்கும் போட வேண்டும். தலைவருக்குப் போட்டால் உபதலைவர்கள் மூன்று பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வரவேற்புப் பத்திரத்தைத் தங்க எழுத்தில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டோம். அதில் செட்டியாரைக் கர்ணன் என்று எழுதியது நான்தான். தேநீர், லட்டு, போட்டோக்காரர். போட்டோவில் நாங்கள் ஒன்பது பேரும் செட்டியாரும் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். பெண்கள் லட்டு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் நிற்க வைக்கலாமே என்று போட்டோக்காரர் கேட்டபோது, சட்டத்துக்குள் இடம் போதாது என்று சொன்ன மேதாவியும் நானே.

செட்டியார் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கிராணியாரே. பந்து எங்கே?"

"நாளைக்கு வாங்கிடுவோம், செட்டியாரே" என்றேன்.

வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்த்தேன். மீதி இருந்த பணத்தில் பந்தின் தையல் நூலைக்கூட வாங்க முடியாது. பெட்டியைக் கவிழ்த்து வைத்து மறுபடியும் பார்த்தேன். கணக்குத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவனால் அதைத்தான் செய்ய முடிந்தது.

புதன்கிழமை என் மனைவி இராஜம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பந்துக்கும் டிக்கெட்டுக்கும் எவ்வளவு வேணும்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள்.

ரயில்வே குவாட்டர்ஸில் வரிசையாக வீடுகள். சமையலறைகள் எல்லாம் பின்பக்கம். ஒவ்வொரு சமையலறையிலும் அரிசிப் பானைக்குள்ளோ மிளகு டப்பாவிலோ கொஞ்சம் சிறுவாட்டுப் பணம் இருக்கும், வீட்டு ஆணுக்குத் தெரியாமல். விளக்கு வைப்பதற்குள் இராஜம்மா திரும்பிவிட்டாள். முந்தானை முடிச்சை என் முன்னால் அவிழ்த்தாள். பந்துக்கும் சரியாக இருந்தது, கட்டணத்துக்கும் சரியாக இருந்தது.

நான் பேனாவை எடுத்தேன். "யார் யாரு, எவ்வளவு குடுத்தாங்க? சொல்லு, எழுதிக்கறேன்."

"யாரு பேரையும் சொல்லமாட்டேன். பேரு வெளிய வராதுன்னு சொல்லித்தான் வாங்கியிருக்கேன். ஒங்க தலைவரு வீட்டுக் காசும் இதுல இருக்கு. அவருக்குத் தெரிஞ்சா அந்தம்மா பாடு என்னாவறது?"

"நம்ம வீட்டுக் காசு?"

"அதுவும் இருக்கு" என்றாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பல வருஷங்களாக என் கோட்டுப் பையில் சில்லறை குறைந்துகொண்டே வந்ததற்கு டோபியைச் சந்தேகப்பட்டு வந்தேன். ஒரு தடவை அவனிடம் கத்தியும் இருக்கிறேன். கத்தியதற்காக வெட்கமாக இருந்தது. ஆனால் நானும் நிதி கொடுத்திருக்கிறேன் என்ற சந்தோஷத்தில் அந்த வெட்கம் சீக்கிரமே மறந்துபோயிற்று.

சனிக்கிழமை பெண்களோடு துணைக்கு ஒரு ஆண் வர வேண்டும் என்று வெள்ளைக்கார அம்மாள் சொன்னாளாம். தங்கமணி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். என் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தேன். சட்டைப் பையில் ஒரு பிரசங்கமும் எழுதி வைத்திருந்தேன். கிள்ளானில் அதை யாரும் கேட்கவில்லை. ஊதல் ஊதியதும் ஆட்டம் தொடங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பெரியவரிடம், நம் பெண்கள் எந்தக் கூடையில் பந்தைப் போட வேண்டும் என்று அரைகுறை மலாயில் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விரலை நீட்டிக் காட்டினார். பொருளாளர் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்புறம் நான் எதையும் கேட்கவில்லை. தங்கமணி ஓடிக்கொண்டிருந்தாள். வீட்டில் மெதுவாகப் பேசுகிற, சத்தம் இல்லாமல் கதவைச் சாத்துகிற என் மகள், இரண்டு பேருக்கு நடுவில் புகுந்து பந்தைப் பறித்துக்கொண்டு, "இங்க, இங்க" என்று கத்திக்கொண்டே ஓடினாள். நானும் மைதான ஓரமாக அவள் போன பக்கமே நடந்தேன். பெருமையா, துக்கமா, தெரியவில்லை, இரண்டும் இருந்தன.

ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் அடுத்த மாதம் சிரம்பானுக்குப் போகத் தயாராகுங்கள் என்று வெள்ளைக்கார அம்மாள் சொல்ல, பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். தங்கமணி வியர்வையைத் துடைத்தபடி என்னிடம் வந்தாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

இந்த ஆட்டத்தைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசியவன் நான். சட்டைப் பையில் இருந்த பிரசங்கத்தை இன்னும் உள்ளே தள்ளினேன்.

"நீ இப்படி ஓடுவேன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"ஒரு வருஷமா ஓடிக்கிட்டுத்தான்பா இருக்கேன்" என்றாள் தங்கமணி.